ஆட்ட நாளுக்கு ஸ்லோ குக்கர் சில்லி: முதன்முறை சமைப்பவர்களுக்கு

அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கு முதல் குளிர்காலத்திலேயே ஓர் அழைப்பு வந்துவிடும். பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் ஆட்டம் பார்க்கத் தம் வீட்டுக்கு வரும்படி சக ஊழியரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்வார். அமெரிக்கக் கால்பந்தின் விதிகள் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் சாப்பிடவும் பேசவும் இடைவேளைக் கச்சேரியைப் பார்க்கவும்தான் வருகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிப் பிறர் வீட்டில் சாப்பிட்ட பிறகு, நாமும் ஒருமுறை அழைக்காவிட்டால் நன்றாக இருக்காது என்ற நிலை வரும். அன்றைக்கு என்ன சமைப்பது என்று யோசிக்கிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஸ்லோ குக்கரில், அதாவது மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரத்தில், செய்த சில்லி என்ற கெட்டியான இறைச்சிக் குழம்பைத்தான். ஒஹாயோவில் பத்துக்கும் மேற்பட்ட குளிர்காலங்களாக இதைச் சமைத்து வருகிறேன். முதல் ஆண்டில் இதைப் படுமோசமாகக் கெடுத்தும் இருக்கிறேன்.

ஏன் சில்லி என்பதற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தலா 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள் என்று சொல்லப்பட்டாலும், கடிகாரம் நின்று நின்று ஓடுவதாலும் விளம்பரங்களாலும் ஆட்டம் முடிய மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். விருந்தினர் பந்தியில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் சாப்பிடுவதில்லை. ஒருவர் ஆறு மணிக்கே கிண்ணத்தை எடுப்பார், இன்னொருவர் இடைவேளையில், மற்றொருவர் தம் அணி தோற்கப்போவது உறுதியான பிறகு. தோசை வார்த்துக் கொடுக்கிற வீட்டில் வார்க்கிறவர் ஆட்டம் பார்க்க முடியாது. சில்லியோ காலையிலேயே அடுப்பு வேலை முடிந்து, மாலை முழுவதும் சூடாக இருந்து, வேண்டியவர் வேண்டிய நேரத்தில் அள்ளிக்கொள்ள வசதியாக மேசை ஓரத்தில் காத்திருக்கும்.

சில்லி என்ற சொல் படுத்தும் பாடு

நம்மவர்கள் இடறி விழும் முதல் இடம் இதன் பெயர். சில்லி என்றால் நமக்கு மிளகாய். அமெரிக்கர்களுக்கு அது இறைச்சி, மிளகாய், சீரகம் ஆகியவற்றைச் சேர்த்துக் கெட்டியாகக் கொதிக்கவைத்த ஒரு குழம்பு. சில்லி கான் கார்னே, அதாவது 'இறைச்சி சேர்த்த மிளகாய்' என்ற ஸ்பானியப் பெயரின் சுருக்கம். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில், 1880களில் தொடங்கி 1930களின் பிற்பகுதி வரை, மாலை நேரத்தில் சதுக்கங்களில் மேசை போட்டு விளக்கேற்றி இதை விற்ற மெக்சிகப் பெண்களைச் 'சில்லி ராணிகள்' என்றே அழைத்தார்கள். 1977இல் டெக்சாஸ் சட்டமன்றம் இதைத் தன் மாநில உணவாக அறிவித்தது.

இரண்டாவது இடறல்தான் ஆபத்தானது. அமெரிக்கக் கடைகளில் 'சில்லி பவுடர்' என்ற பெயரோடு விற்கப்படுவது நம் மிளகாய்த்தூள் அன்று. அது ஒரு மசாலாத்தூள்: காரம் குறைந்த ஆன்ச்சோ வகை மிளகாய், சீரகம், ஒரேகானோ இலை, பூண்டுத்தூள், பெரும்பாலும் உப்பும் சேர்ந்தது. டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியரான வில்லியம் கெப்ஹார்ட் 1890களில் இத்தகைய தூளைத் தயாரித்து விற்கத் தொடங்கிய பிறகுதான் ஆண்டு முழுவதும் எல்லா வீட்டிலும் சில்லி சமைப்பது எளிதாயிற்று. ஆகவே சமையல் குறிப்பில் 'சில்லி பவுடர் 3 மேசைக்கரண்டி' என்று இருந்தால் அது சாம்பார்ப்பொடி போடுகிற கணக்கே தவிர மிளகாய்த்தூள் போடுகிற கணக்கு இல்லை.

இது எனக்குத் தெரியாத காலத்தில், ஊரிலிருந்து அம்மா அரைத்துக் கொடுத்தனுப்பிய குண்டூர் மிளகாய்த்தூளில் மூன்று மேசைக்கரண்டியை அப்படியே கொட்டினேன். எட்டுப் பேர் வந்திருந்தார்கள். முதல் வாயிலேயே எதிர்வீட்டுப் பெரியவருக்குக் காது மடல்கள் சிவந்தன. மரியாதை தெரிந்த மனிதர், ஒன்றும் சொல்லாமல் கரண்டியைக் கிண்ணத்தின் ஓரத்தில் மெல்லச் சாய்த்து வைத்துவிட்டு, கொஞ்சம் பால் கிடைக்குமா என்று கேட்டார். அன்று இரவு பீட்சா வரவழைத்தோம். அந்தத் தெருவில் இன்றும் என் சில்லியைத் தொடுவதற்கு முன் நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு.

அமெரிக்கச் சில்லி பவுடர் கைவசம் இல்லையென்றால், காரமில்லாத பாப்ரிகாத்தூள் 2 மேசைக்கரண்டி, சீரகத்தூள் 2 தேக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள், ஒரேகானோ, பூண்டுத்தூள் ஆகியவை தலா 1 தேக்கரண்டி என்று கலந்துகொண்டால் அந்த மூன்று மேசைக்கரண்டிக்கு ஈடாகும். வீட்டு மிளகாய்த்தூளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று கை துறுதுறுத்தால் கால் தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரம் வேண்டியவர்களுக்கு நறுக்கிய ஹாலப்பீன்யோ மிளகாயையும் ஒரு பாட்டில் காரச் சாஸையும் தனியே வைத்தால் போதும்.

பாத்திரம்

ஸ்லோ குக்கரை நம் பிரஷர் குக்கரின் நேர் எதிர் என்று நினைத்துக்கொள்ளலாம். ஒன்று அழுத்தத்தால் விரைவாக வேகவைக்கிறது. மற்றொன்று அழுத்தமே இல்லாமல், கனத்த பீங்கான் பாத்திரத்தைச் சுற்றியுள்ள மெல்லிய சூட்டால் ஏழெட்டு மணி நேரம் வேகவைக்கிறது. கல்சட்டியில் வத்தக்குழம்பு வைத்தவர்களுக்கு இதன் இயல்பு உடனே பிடிபடும்: மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை எளிதில் விடாது. சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்ஸன் 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1940இல் பெற்ற கருவி இது. யூதர்களின் ஓய்வு நாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், லித்துவேனியாவில் அவருடைய பாட்டி முந்தின மாலையே பீன்ஸும் இறைச்சியும் சேர்ந்த சோலண்ட் பானையை ரொட்டிக்கடை அடுப்பின் தணியும் சூட்டில் விட்டுவைப்பார் என்று தாயார் சொன்ன கதைதான் அவருக்குப் பொறியாக அமைந்தது. அவருடைய நிறுவனத்தை 1970இல் ரைவல் என்ற நிறுவனம் வாங்கி, மறு ஆண்டு க்ராக்-பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றும் எந்த நிறுவனத்தின் ஸ்லோ குக்கரையும் க்ராக்பாட் என்றே பலரும் சொல்வதைக் கேட்கலாம்.

எட்டு முதல் பத்துப் பேருக்கு 6 குவார்ட் (ஏறத்தாழ 5.7 லிட்டர்) கொள்ளளவு உள்ளதை வாங்குங்கள். பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமலும் நிரப்பினால்தான் சீராக வேகும். முகப்பில் குறைந்த சூடு, அதிகச் சூடு, வெதுவெதுப்பு என்று மூன்று நிலைகள் இருக்கும். குறைந்த சூடு, அதிகச் சூடு இரண்டுமே கடைசியில் ஏறத்தாழ ஒரே வெப்பத்தை, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள வெப்பத்தை, எட்டுகின்றன. எவ்வளவு நேரத்தில் எட்டுகின்றன என்பதில்தான் வேறுபாடு. வெதுவெதுப்பு நிலை சமைப்பதற்கானது அன்று. சமைத்ததைச் சூடாக வைத்திருக்க மட்டுமே.

வாங்க வேண்டியவை

கொழுப்பு 15 முதல் 20 விழுக்காடு உள்ள மாட்டுக் கொத்துக்கறி 2 பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம் தேவை. மாட்டிறைச்சி சமைக்காத வீடு என்றால் வான்கோழிக் கொத்துக்கறி சரியாக வரும். ஆனால் மார்புக்கறி மட்டும் அரைத்தது வேண்டாம், ஏழு மணி நேரத்தில் அது மரத்தூள் போலாகிவிடும், தொடைக்கறி கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய வெங்காயம் இரண்டு, குடைமிளகாய் இரண்டு, பூண்டு ஆறு பல், விதை நீக்கிய ஹாலப்பீன்யோ ஒன்று. நசுக்கிய தக்காளி 28 அவுன்ஸ் டின் ஒன்று, துண்டு தக்காளி 15 அவுன்ஸ் டின் ஒன்று, தக்காளி விழுது 2 மேசைக்கரண்டி. ராஜ்மா 15 அவுன்ஸ் டின் இரண்டு, கறுப்பு பீன்ஸ் அல்லது பின்டோ பீன்ஸ் டின் ஒன்று. இறைச்சிச் சாறு ஒரு கோப்பை. தூள்களில், மேலே சொன்ன சில்லி பவுடர் 3 மேசைக்கரண்டி, சீரகத்தூள் 1 மேசைக்கரண்டி, புகையூட்டிய பாப்ரிகா 2 தேக்கரண்டி, ஒரேகானோ 1 தேக்கரண்டி, இனிப்பில்லாத கோகோ தூள் 1 மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை 1 மேசைக்கரண்டி. உப்பை முதலில் ஒன்றரைத் தேக்கரண்டி மட்டும் போடுங்கள். டின்களிலும் சாற்றிலும் சில்லி பவுடரிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. கோகோ தூளைக் கண்டு யாரும் மிரள வேண்டாம். இனிக்காது, சாக்லேட் வாசமும் வராது, குழம்பின் நிறத்தை ஆழமாக்கித் தக்காளியின் புளிப்பைச் சற்று அடக்கும்.

பீன்ஸ் சேர்ப்பதா கூடாதா என்பது இந்நாட்டில் தீராத வழக்கு. டெக்சாஸ்காரர்கள் பீன்ஸ் போட்டதைச் சில்லி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கள் மாநிலத்தின் சின்சினாட்டி நகரில், 1922இல் மாசிடோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் தொடங்கிவைத்த வகையில், பட்டை முதலிய மசாலாக்கள் போட்ட நீர்த்த சில்லியை ஸ்பெகட்டியின் மேல் ஊற்றி, துருவிய பாலாடைக்கட்டியைக் குவித்துத் தருகிறார்கள். கூட்டத்துக்குச் சமைக்கிறவருக்கு என் தீர்ப்பு பீன்ஸ் பக்கமே: வயிறு நிறையும், செலவு குறையும்.

ராஜ்மா பற்றி ஓர் எச்சரிக்கை

இதைத் தனியே சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் டின்னைவிடக் காய்ந்த ராஜ்மாதான் அதிகம் இருக்கும், ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம் வேகிறதே என்று ஊறவைத்ததை நேராகப் போட்டுவிடத் தோன்றும். போடவே கூடாது. வேகாத ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது. நான்கைந்து விதைகளே சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதுமானவை. முழுக்கொதியில்தான் அது அழியும். ஸ்லோ குக்கர் அந்தக் கொதிக்கு வராமலே விதையை மென்மையாக்கிவிடக்கூடும். 80 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அரைகுறையாகச் சூடான ராஜ்மா, பச்சையாக இருப்பதைவிடவும் அதிக நச்சுத்தன்மை கொண்டிருக்கும். காய்ந்த ராஜ்மாவைத்தான் பயன்படுத்துவது என்றால், குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை. நம்மிடம் பிரஷர் குக்கர் இருக்கிறது. ஊறிய ராஜ்மாவை அதில் நசுக்கினால் மசியும் பதத்துக்கு வேகவைத்து எடுத்துக்கொண்டால் வேலை தீர்ந்தது. முழுதாக வேகவைத்தே சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தக்காளிப் புளிப்பில் விழுந்த பீன்ஸ் அதற்குமேல் எளிதில் மென்மையாகாது. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அச்சமின்றிப் போடலாம். வழுவழுப்பான நீரை வடித்துக் கழுவிவிடுங்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

ஆட்டம் கிழக்கு நேரப்படி மாலை 6:30 மணியளவில் தொடங்கும். டெக்சாஸில் அப்போது 5:30, கலிபோர்னியாவில் 3:30. விருந்தினர் ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுவார்கள். எனவே எங்களைப் போன்ற கிழக்கு மாநிலத்தவர்களுக்கு 5 மணிக்குச் சில்லி தயாராக இருக்கவேண்டும். கொத்துக்கறிச் சில்லிக்குக் குறைந்த சூட்டில் 6 முதல் 8 மணி நேரம் ஆகும். நான் ஏழு என்று வைத்துக்கொள்கிறேன். காலை 10 மணிக்கு மூடி விழ வேண்டும் என்றால் 9 மணிக்கு வாணலி அடுப்பில் ஏறியிருக்க வேண்டும். காலையில் கோயிலுக்கோ கடைக்கோ போயாக வேண்டும் என்றால், பகல் 12:30க்கு ஏற்றி அதிகச் சூட்டில் நான்கு மணி நேரம் வைத்தும் முடிக்கலாம். சுவையில் பெரிய குறை இராது, விளிம்புகளில் சற்றுப் பிடிக்க வாய்ப்புண்டு. மேற்குக் கரையில் இருப்பவர்கள் முந்தின இரவே வதக்கி முடித்துவிட்டால் நல்லது. ஆனால் முழுதாக வேகாத கறியைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் தொடரக்கூடாது, உள்ளே இளஞ்சிவப்பு போகும்வரை வதக்கியே வைக்கவேண்டும். பீங்கான் பாத்திரத்தோடு குளிர்பெட்டியில் வைக்காமல் வேறு பாத்திரத்தில் வையுங்கள். மறுநாள் காலை அடுப்பில் ஒருமுறை கொதிக்கவைத்துவிட்டே ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள்.

கறி உறைந்திருந்தால் சனிக்கிழமை காலையிலேயே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். உறைந்த கறியை ஸ்லோ குக்கரில் போட்டால் அது 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் (4 முதல் 60 டிகிரி செல்சியஸ்) வரையிலான, கிருமிகள் பெருகும் வெப்பத்திலேயே நெடுநேரம் கிடக்கும்.

வாணலியில் நடக்கும் வேலை

எல்லாவற்றையும் பச்சையாகக் கொட்டி மூடிவிடலாம் என்று சொல்கிற குறிப்புகள் ஏராளமாக உண்டு. அவற்றை நம்பிச் சமைத்தால் சாம்பல் நிறக் கறி மிதக்கும் தக்காளி ரசம்தான் கிடைக்கும். ஸ்லோ குக்கரின் உள்ளே வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. கறி பழுப்பேறி மணப்பதற்கு அதைவிட மிக அதிகமான சூடும் ஈரமற்ற பரப்பும் வேண்டும். அந்த மணத்தை நாம் வெளியே உண்டாக்கித்தான் உள்ளே அனுப்ப முடியும். இந்த முக்கால் மணி நேரம்தான் உங்கள் சில்லியின் தரத்தைத் தீர்மானிக்கிறது, அடுத்த ஏழு மணி நேரமும் மின்சாரத்தின் வேலை.

அகன்ற கனமான வாணலியை நன்றாகக் காயவைத்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கொத்துக்கறியில் பாதியை மட்டும் பரப்புங்கள். முழுவதையும் ஒரே தடவையில் போட்டால் நீர் விட்டுக்கொண்டு கறி வேகுமே தவிர வறுபடாது. போட்டவுடன் கிளறாதீர்கள். இது நமக்குக் கடினம், கை சும்மா இருக்காது. ஆனாலும் மூன்று நிமிடம் விட்டுவையுங்கள். முதலில் சலசலவென்று ஈரம் கொதிக்கிற ஓசை கேட்கும், பிறகு அது மாறி, எண்ணெயில் வடை வேகிறபோது எழுகிற படபடப்பு கேட்கத் தொடங்கும். அந்த ஓசை மாற்றத்துக்காகக் காத்திருந்து, அடியில் நல்ல பழுப்பு ஏறியதும் திருப்பி உடைத்துவிடுங்கள். இரண்டு தடவையாக வறுத்துக் கறியைத் தனியே எடுத்துவைத்து, வடிகிற கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் நிறுத்திக்கொண்டு மிச்சத்தை ஒரு பழைய டின்னில் வடித்துவிடுங்கள். கழிவுத்தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

அதே வாணலியில் வெங்காயம், குடைமிளகாய், ஹாலப்பீன்யோ ஆகியவற்றை வதக்கி, கடைசியில் பூண்டைச் சேருங்கள். பூண்டு மணக்கத் தொடங்கியதும் தக்காளி விழுதைப் போட்டுச் சிவப்பு நிறம் செங்கல் நிறமாகும்வரை கிளறி, எல்லாத் தூள்களையும் கொட்டி, அரை நிமிடம், மிஞ்சினால் முக்கால் நிமிடம், கொழுப்பில் புரட்டுங்கள். நம் தாளிப்பின் தத்துவம்தான் இது: மசாலாவின் மணம் நீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாக விரியும். கருகினால் கசப்பு ஏழு மணி நேரத்துக்குப் பிறகும் போகாது, எனவே இறைச்சிச் சாற்றை அளந்து பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, மணம் எழுந்த கணத்தில் ஊற்றிவிடுங்கள். அடியில் ஒட்டியிருக்கிற பழுப்புப் பற்றையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிக் கரையுங்கள். சுவை அத்தனையும் அந்தப் பற்றில்தான் இருக்கிறது.

இனி எல்லாவற்றையும் பீங்கான் பாத்திரத்துக்கு மாற்றி, தக்காளி, பீன்ஸ், நாட்டுச் சர்க்கரை, உப்பு சேர்த்து ஒருமுறை கலந்து மூடுங்கள். பார்க்கும்போது நீர் போதாது என்று தோன்றும். கூடுதலாக ஒரு கோப்பை ஊற்றலாம் என்று மனம் சொல்லும். ஊற்றாதீர்கள். அடுப்பில் வைக்கிற குழம்பு சுண்டும். மூடிய ஸ்லோ குக்கரில் ஆவி மூடியில் பட்டுத் துளிகளாகித் திரும்ப உள்ளேயே விழுகிறது, காய்களும் தம் பங்குக்கு நீர் விடுகின்றன. நான்கரை மணிக்குத் திறந்து பார்க்கும்போது நீர் அளவாக இருந்ததைக் கண்டு நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

மூடி

திறக்கக்கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழந்த சூடு மீள 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். வீட்டில் நால்வர் ஆளுக்கொரு முறை எட்டிப்பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மணம் மாடிவரை ஏறும்போது பிள்ளைகள் வந்து மூடியைத் தொடுவார்கள் என்பதால், எங்கள் வீட்டில் மூடியின் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டிவைப்பது வழக்கம். கண்ணாடி மூடியின் வழியே பார்த்தால் போதும்: ஓரங்களில் சிறு குமிழிகள் மெல்ல எழுந்து, மூடியின் உட்புறத் துளிகள் செம்மஞ்சளாக மாறியிருந்தால் எல்லாம் முறையாக நடக்கிறது என்று பொருள்.

நான்கரை மணிக்கு ஒரே ஒருமுறை திறந்து, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் எடுத்துவிட்டு, சுவை பாருங்கள். நீர்த்திருந்தால், மெக்சிகப் பொருள்கள் உள்ள கடை அடுக்கில் கிடைக்கும் மாசா ஹரினா என்ற சோளமாவில் 2 மேசைக்கரண்டியைக் கால் கோப்பை நீரில் கரைத்து ஊற்றி, அதிகச் சூட்டில் அரை மணி நேரம் வையுங்கள். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்திலிருந்து அரைக்கப்படுவதால் அதற்குத் தனி மணம் உண்டு. நாம் கார்ன்ஃபிளவர் என்று சொல்லும் வெள்ளை மாவு அது அன்று. எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ குறைகிறது என்று தோன்றினால், பத்தில் எட்டு முறை அது உப்போ புளிப்போதான். ஒரு எலுமிச்சை மூடியைப் பிழிந்துவிட்டு மறுபடி சுவைத்துப் பாருங்கள். வெப்பமானி இருந்தால் மாட்டுக்கறிக்கு 160 டிகிரி ஃபாரன்ஹீட், வான்கோழிக்கு 165 என்பது குறைந்தபட்ச அளவு. ஏழு மணி நேரத்தில் அதைத் தாண்டியே இருக்கும்.

சைவர்களுக்கு இன்னொரு பானை

நம்மவர்களை அழைத்தால் சைவச் சில்லி ஒன்று கட்டாயம் வேண்டும், அதற்கு இரண்டாவது ஸ்லோ குக்கரும் வேண்டும். அன்றைக்கு ஒருநாள் யாரிடமாவது கடன் வாங்கிக்கொள்ளலாம். கறிக்குப் பதிலாக இன்னும் ஒரு டின் பீன்ஸ், பெரிய துண்டுகளாக வெட்டிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒன்று, பொடியாக நறுக்கி நீர் வற்றும்வரை நன்கு வதக்கிய காளான் அரைக் கிலோ ஆகியவற்றைச் சேருங்கள். இறைச்சிச் சாற்றுக்குப் பதில் காய்கறிச் சாறு. ஆறு மணி நேரம் போதும். வூஸ்டர்ஷயர் சாஸ் ஊற்றும் பழக்கம் இருந்தால் இதில் ஊற்றாதீர்கள், அதில் நெத்திலி மீன் இருக்கிறது. செடார் பாலாடைக்கட்டியிலும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ந்த வகைகள் உண்டு என்பதால் உறையைப் படித்து வாங்குங்கள்.

இரண்டு பானைகளையும் அருகருகே வைப்பது தவறு. ஒருமுறை அப்படி வைத்து, முதல் பகுதி முடிந்த நெரிசலில் கரண்டிகள் மாறிவிட்டன; மாறியதைக் கண்டவர் நல்லவேளையாக வாய்விட்டுச் சொன்னார், ஆனால் அதற்குள் ஒரு மாமி அரைக் கிண்ணம் சாப்பிட்டிருந்தார். இப்போது அறையின் எதிரெதிர் மூலைகளில், வேறு வேறு நிறக் கரண்டிகளோடு, பெரிய எழுத்தில் எழுதிய அட்டைகளோடு வைக்கிறேன்.

பரிமாறும் மேசை

ஐந்து மணிக்கு வெதுவெதுப்பு நிலைக்கு மாற்றிவிடுங்கள். அதில் 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் நிற்கும். ஆயினும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று பல கருவிகளின் கையேடுகள் சொல்கின்றன, ஐந்து மணியிலிருந்து கணக்கிட்டால் அது ஒன்பது மணிவரைதான். பக்கத்தில் துருவிய செடார், புளித்த கிரீம், நறுக்கிய வெங்காயத்தாள், கொத்தமல்லி, ஹாலப்பீன்யோ வளையங்கள், எலுமிச்சைத் துண்டுகள், உப்பு பிஸ்கட், சோளச் சிப்ஸ் ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள். புளித்த கிரீம் கிடைக்காவிட்டால் நீர் வடித்த கெட்டித் தயிர் வித்தியாசம் தெரியாமல் நிற்கும். ஃபிரிட்டோஸ் என்ற சோளச் சிப்ஸின் சிறு பொட்டலங்களை வாங்கி, பக்கவாட்டில் கிழித்து அதற்குள்ளேயே ஒரு கரண்டி சில்லியை ஊற்றிக் கொடுத்தால், கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடலாம். ஃபிரிட்டோ பை என்ற இந்த முறை பிள்ளைகளிடம் தோற்றதே இல்லை. கார்ன்பிரெட் ஒரு தட்டு இருந்தால் விருந்து நிறைவாகிவிடும். சோறு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக வைக்கலாம், ஹவாயில் சில்லியைச் சோற்றோடுதான் சாப்பிடுகிறார்கள்.

கிண்ணங்கள் சிறியவையாக இருக்கட்டும். பெரிய கிண்ணம் என்றால் இரண்டாவது முறை வருகிறவர் தயங்குவார், பாதியும் மிஞ்சிப்போகும்.

மிச்சமானதை

ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பும் கலவரத்தில் சில்லியை மறந்து தூங்கப் போய்விடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். கனத்த பீங்கானோடு அப்படியே உள்ளே தள்ளினால் நடுப்பகுதி குளிர நெடுநேரமாகும். மூன்று நான்கு நாள் தாங்கும். மறுபடி சூடாக்குவதை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ செய்யுங்கள், ஸ்லோ குக்கரில் வேண்டாம், அது சூடேறுவதற்கு மிகவும் தாமதமாகும். மீன்குழம்பைப் போல இதுவும் மறுநாள்தான் ஊறி ருசிக்கும் என்பதால், திங்கட்கிழமை மதிய உணவுக்கென்று ஒரு டப்பாவை விருந்தினர் கண்ணில் படாமல் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுவது என் வழக்கம்.

பீங்கான் பாத்திரத்தைக் காலியான கையோடு குளிர்ந்த கல்மேடையில் வைக்கவோ அதன்மேல் தண்ணீர் திறந்துவிடவோ கூடாது. எனக்கு ஒன்று அப்படித்தான் 'டக்' என்று குறுக்கே விரிசல் விட்டது. ஒரு மரப்பலகையின் மேல் இறக்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு வெந்நீர் ஊற்றி ஊறவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் துணியால் துடைத்தாலே வந்துவிடும்.